எஞ்சின்களை ஒப்பிடுவோர் எதனை ஒப்பிடுகின்றனர்?

மோட்டார் வாகனங்களைப் பற்றிய பேச்சு இன்று பொறியியற் பீடத்தாருக்கு மட்டும் உரியதன்று. கலைப்பீடத்தாரும் மருத்துவபீடத்தாருங்கூட விடுதி முற்றங்களிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும் பரிவலு, முறுக்கம், ஆர்முடுகல் என எண்களை அடுக்கி வாதிடுவதை நாம் கேட்கின்றோம். பொறிகளைப் பற்றிய அறிவார்வம் வரவேற்கத்தக்கதே. ஆயின், அவ்வாதங்களின் அடித்தளத்திலே ஒரு தருக்கப் பிழை குடிகொண்டிருக்கின்றது. அப்பிழை எஞ்சின்களோடு நின்றுவிடுமாயின் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எதனை நாம் முன்னேற்றம் என்கிறோம், அதனை எக்கோலால் அளக்கிறோம் என்னும் பெருவினாவை அது தொடுவதாலேயே இங்கு ஆராயப்படுகின்றது.

ஒரே பெயரைத் தாங்கிவரும் இரு தலைமுறை வாகனங்களின் எஞ்சின்களை ஒப்பிடும்போது வாதிடுவோர் இரு பாசறைகளாகப் பிரிகின்றனர். பிந்தியதன் எண்கள் பெரியன, ஆகவே பிந்தியதே சிறந்தது என்பர் ஒரு சாரார். இவர்களைப் புதுமைவாதிகள் எனக் கொள்வோம். எண்கள் எவ்வாறாயினும் ஆகுக, முந்தியதற்கு உயிர் இருந்தது, பிந்தியது உயிரற்றது என்பர் மறுசாரார். இவர்களைப் பழமைவாதிகள் எனலாம். முன்னவர் அளவையைத் தெய்வமாக்குகின்றனர். பின்னவர் அளவையையே கைவிடுகின்றனர். இவ்விரு சாராரும் ஒருங்கே தவறுகின்றனர் என்பதும், இருவரும் கேளாது விட்ட வினா ஒன்று உண்டு என்பதும் எமது வாதமாகும். ஓர் எஞ்சின் எந்த வினாவுக்கு விடையாக ஆக்கப்பட்டது, அவ்வினாவை எழுப்பியவர் யார் என்பதே அது.

எடுத்துக்காட்டு

பொதுப்படப் பேசுவதால் வாதம் தெளிவுறாது. எனவே, நன்கு அறியப்பட்ட ஓர் எடுத்துக்காட்டை மேற்கொள்வோம். ஜேர்மனியின் பி. எம். டபிள்யூ. நிறுவனம் 1986 ஆம் ஆண்டிலே எம். 3 என்னும் பெயரில் ஒரு வேகக் காரை வெளியிட்டது. அப்பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. அதன் நான்காந் தலைமுறை 2007 இலும், ஐந்தாந் தலைமுறை 2014 இலும் சந்தைக்கு வந்தன. முன்னதன் எஞ்சினுக்கு எஸ். 65 என்றும் பின்னதன் எஞ்சினுக்கு எஸ். 55 என்றும் நிறுவனத்தார் குறியிட்டனர்.

எஸ். 65 என்பது ஆங்கில வீ எழுத்தின் வடிவில் எட்டு உருளைகள் அமைந்த எஞ்சின். அதன் மொத்தக் கனவளவு 3,999 கன சென்ரிமீற்றர். உருளையின் விட்டம் 92 மில்லிமீற்றர்; பிஸ்டன் எனப்படும் முசலம் ஒரு முறை ஓடும் தூரம் 75.2 மில்லிமீற்றர். அது வளியை இயல்பான அமுக்கத்தில் தானே உறிஞ்சுவது. ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனியே ஒரு வளித்தடுக்கு இருந்தது. நெருக்கல் விகிதம் 12. நிமிடத்துக்கு 8,300 சுழற்சியில் 420 பரிவலுவையும், 3,900 சுழற்சியில் 400 நியூற்றன் மீற்றர் முறுக்கத்தையும் அது தந்தது. எட்டு உருளைகளைக் கொண்டதாயினும் அதன் நிறை 202 கிலோகிறாமே. அதற்கு முந்திய ஆறுருளை எஞ்சினிலும் ஏறத்தாழ 15 கிலோகிறாம் குறைவு.

எஸ். 55 என்பது ஆறு உருளைகள் ஒரே வரிசையில் அமைந்த எஞ்சின். கனவளவு 2,979 கன சென்ரிமீற்றர். உருளையின் விட்டம் 84 மில்லிமீற்றர், முசலத்தின் ஓட்டம் 89.6 மில்லிமீற்றர். நெருக்கல் விகிதம் 10.2. இதற்கு இரண்டு டர்போக்கள் பொருத்தப்பட்டன. டர்போ என்பது, வெளியேறும் சூடான வாயு ஒரு சிறு சுழலியைச் சுழற்ற, அச்சுழலியோடு ஓரச்சிற் பிணைந்த அமுக்கி வளியை நெருக்கி உருளைகளுக்குட் செலுத்தும் பொறியமைப்பாகும். இவ்வெஞ்சின் 5,500 முதல் 7,300 வரையான சுழற்சிகளில் 431 பரிவலுவையும், 1,850 முதல் 5,500 வரையான சுழற்சிகளில் 550 நியூற்றன் மீற்றர் முறுக்கத்தையும் தந்தது.

புதுமைவாதிகளின் எண்கள்

புதுமைவாதிகளின் வாதத்தை அதன் மிக வலிய நிலையிலேயே எடுத்து நோக்குவோம். முறுக்கம் 400 இலிருந்து 550 ஆக, அதாவது 37 சதவீதத்துக்கும் மேலாக உயர்ந்தது. ஓர் இலீற்றர் கனவளவுக்குரிய வலு 105 பரிவலுவிலிருந்து ஏறத்தாழ 145 பரிவலு ஆயிற்று. கையாற் கியர் மாற்றும் வாகனத்தில், நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் கதியை எய்த முன்னதற்கு 4.8 செக்கனும் பின்னதற்கு 4.3 செக்கனும் தேவைப்பட்டன. 100 கிலோமீற்றருக்கான எரிபொருட் செலவு 12.4 இலீற்றரிலிருந்து 8.8 இலீற்றராகவும், கிலோமீற்றர் ஒன்றுக்கு வெளிவிடப்படும் காபனீரொட்சைட்டு 295 கிறாமிலிருந்து 204 கிறாமாகவும் வீழ்ந்தன. இவை நிறுவனத்தாரே வெளியிட்ட எண்கள். யாவற்றிலும் பிந்தியதே வென்றிருக்க, இதன்பின் வாதமென்ன என்பர்.

முதலில் வலுவை நோக்குவோம். வலு என்பது முறுக்கமும் சுழற்சி வேகமும் சேர்ந்த பெருக்கம். முறுக்கத்தை மட்டும் தனியே எடுத்துக் கூறுவது, ஒரு செவ்வகத்தின் நீளத்தைக் கூறி அகலத்தைக் கூறாது பரப்பளவைப் பற்றித் தீர்ப்பளிப்பதை ஒக்கும். இவ்விரு எஞ்சின்களின் உச்ச வலுவில் உள்ள வேறுபாடு 11 பரிவலு மட்டுமே. அது 3 சதவீதத்துக்கும் குறைவு. வேறுபாடு உண்மையில் வலுவின் அளவில் இல்லை, அது கிடைக்கும் இடத்திலேயே உள்ளது. நிமிடத்துக்கு 3,900 சுழற்சியில் பழைய எஞ்சின் ஏறத்தாழ 222 பரிவலுவைத் தர, புதியது ஏறத்தாழ 305 பரிவலுவைத் தருகின்றது. நடுத்தரச் சுழற்சியில் இது மெய்யான மேன்மையே, மறுப்பதற்கில்லை. ஆனால் 5,500 சுழற்சிக்கு மேலே புதிய எஞ்சினின் வலு சமதரையாகின்றது. ஓட்டுநர் அதனை 7,300 வரை முடுக்கினும் ஒரு பரிவலுதானும் கூடுவதில்லை. பழைய எஞ்சினின் வலுவோ 8,300 வரை ஏறிக்கொண்டே செல்கின்றது. கீழே நிறைந்து மேலே தட்டையாகும் வளையி சிறந்ததா, கீழே மெலிந்து மேலே உயரும் வளையி சிறந்ததா? வாகனம் எதற்காக, யாருக்காக என்பதைக் கூறாமல் இவ்வினாவுக்கு விடை கூறுதல் இயலாது. எண்களின் பட்டியல் அதனைக் கூறுவதில்லை.

இரண்டாவதாக, எரிபொருட் செலவும் ஆர்முடுகலும் எஞ்சினின் பண்புகளல்ல. அவை வாகனம் முழுவதன் பண்புகள். 2014 ஆம் ஆண்டின் வாகனம் முந்தியதிலும் ஏறத்தாழ 80 கிலோகிறாம் இலேசானது. அதன் உந்துதண்டு காபன் இழையால் ஆக்கப்பட்டது. திசைமாற்றியின் உதவிக்கு, எஞ்சினின் வலுவை ஓயாது உண்ணும் எண்ணெய்ப் பம்பிக்குப் பதிலாக மின்மோட்டார் வந்தது. நிறுத்துமிடங்களில் எஞ்சின் தானே அணைந்து தானே இயங்கும் ஒழுங்கும் சேர்க்கப்பட்டது. இவையனைத்தினதும் பயனைத் தொகுத்து எஞ்சினின் கணக்கில் வரவுவைப்பது எவ்வகையான ஒப்பீடு? ஆய்வுகூடத்தில் ஒரே சமயத்தில் ஐந்து மாறிகளை மாற்றிவிட்டு விளைவுக்கு ஒன்றையே காரணங்காட்டும் மாணவனுக்கு எந்த விரிவுரையாளரும் புள்ளி வழங்கார்.

மூன்றாவது தடை இன்னும் ஆழமானது. வெப்பவியக்கவியலின் தொடக்கப் பாடத்திலேயே, பெற்றோல் எஞ்சினின் இலட்சியத் திறன் நெருக்கல் விகிதத்தோடு உயரும் எனக் கற்கின்றோம். ஒட்டோவின் பெயரால் வழங்கும் இலட்சிய வட்டத்தைக் கொண்டு, தன்வெப்பங்களின் விகிதத்தை 1.4 எனக் கொண்டு கணித்தால், விகிதம் 12 ஆகும்போது திறன் ஏறத்தாழ 63 சதவீதம்; 10.2 ஆகும்போது ஏறத்தாழ 60.5 சதவீதம். அதாவது, பாடநூலின்படி பழைய எஞ்சினே திறன்மிக்கது. டர்போ செலுத்தும் நெருங்கிய வளி, வேளைக்கு முந்திய வெடிப்பை உண்டாக்கும் அபாயம் உடையதாகையால், புதியதன் நெருக்கல் விகிதத்தைக் குறைக்க நேர்ந்தது. 2016 இல் இவ்வெஞ்சினின் வலுவை 500 பரிவலுவாக உயர்த்த முற்பட்டபோது, உள்ளே செல்லும் வளியைக் குளிரச்செய்ய நீரையே தெளிக்கவேண்டியதாயிற்று. அவ்வாறாயின், திறன் குறைந்த எஞ்சின் 29 சதவீதம் குறைவான எரிபொருளை உண்டது எங்ஙனம்? இவ்வினாவுக்குப் புதுமைவாதிகளிடம் விடையில்லை; அவர்கள் அதனைக் கேட்டதுமில்லை. விடையைப் பின்னர்க் காண்போம்.

பழமைவாதிகளின் புலம்பல்

பழமைவாதிகள் இவ்வெண்களைக் கண்டு அஞ்சுவதில்லை. எஞ்சினுக்கு உயிர் உண்டு, ஆன்மா உண்டு, அது உயர்ந்த சுழற்சியிலேயே உறைகின்றது, டர்போ அதனைக் கொன்றது என்பர். மோட்டாரியற் பத்திரிகைகளிலே இப்புலம்பல் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. இதன் உண்மையையும் சோதித்தல் வேண்டும்.

உயர்சுழற்சி என்பது பெருமைக்குரியதாவது ஏன்? முசலங்கள் மிகுந்த வேகத்தில் ஓடுவதால் உண்டாகும் தகைப்புக்களைத் தாங்கி நிற்கும் பொறியியலாற்றலை அது காட்டுவதாலேயே. அவ்வாறாயின் முசலத்தின் சராசரிக் கதியைக் கணித்துப் பார்ப்போம். பழைய எஞ்சினின் முசலம் ஒரு சுழற்சியில் 75.2 மில்லிமீற்றரை இருமுறை கடக்கின்றது; 8,300 சுழற்சியில் அதன் சராசரிக் கதி செக்கனுக்கு 20.8 மீற்றர். புதியதன் முசலத்தின் ஓட்டம் நீண்டதாகையால், 7,300 சுழற்சியில் அதன் சராசரிக் கதி செக்கனுக்கு 21.8 மீற்றர். மந்தமானது எனப் பழிக்கப்படும் எஞ்சினின் முசலமே விரைந்து ஓடுகின்றது! சுழற்சிமானியின் முள்ளைக் கண்டு மயங்கியோர் உருளையினுள் நிகழ்வதை நோக்கினாரல்லர்.

டர்போ அந்நிறுவனத்தின் மரபுக்கு அந்நியமானது என்பதும் வரலாறறியாத கூற்றேயாகும். 1973 இல் அதே நிறுவனம் 2002 டர்போ என்னும் வாகனத்தை வெளியிட்டது. ஐரோப்பாவிற் சந்தைக்கு வந்த முதலாவது டர்போக் கார் அது. அதன் பின்னர் இரு இலீற்றர் இடப்பெயர்ச்சியும் நான்கு உருளைகளுமுள்ள அதே குடும்பத்து எஞ்சின் அச்சிலிருந்து பந்தய எஞ்சின் ஒன்று பிறந்தது. ஒன்றரை இலீற்றர் கனவளவே கொண்ட அந்த டர்போ எஞ்சினோடு, பிரபாம் அணியின் வாகனத்தில், நெல்சன் பிக்கே 1983 இல் ஃபோர்முலா வண் உலக வெற்றியாளரானார். டர்போ எஞ்சினொன்று அவ்வெற்றியை ஈட்டியது அதுவே முதன்முறை.

எனினும், பழமைவாதிகளின் பெரும் பிழை வரலாற்றுப் பிழையன்று. அவர்களது கையில் மெய்யான ஒரு வாதம் இருந்தது. அதனை அவர்களே மாயமாக்கிவிட்டனர். மிதியை அழுத்தும்போது பழைய எஞ்சினின் எட்டு வளித்தடுக்குகளும் உருளைகளின் வாயிலிலேயே திறக்கின்றன; வளி உடனே உட்புகுகின்றது. டர்போ எஞ்சினில் முதலில் வாயு பெருகவேண்டும், பின் சுழலி வேகங்கொள்ளவேண்டும், பின் அமுக்கம் உயரவேண்டும். சுழலி எத்துணைச் சிறிதாயினும் அதற்குச் சடத்துவம் உண்டு, தாமதமும் உண்டு. மிதிக்கும் விளைவுக்கும் இடைப்பட்ட இத்தாமதம் மில்லிசெக்கன்களில் அளக்கத்தக்க பௌதிகக் கணியம். ஓட்டுநர் இட்ட கட்டளைக்கும் எஞ்சின் தந்த விடைக்கும் உள்ள விகிதசமம் வரையத்தக்க வளையி. இவற்றை அளந்து, இவற்றையும் பட்டியலிற் சேருங்கள் என்று பழமைவாதிகள் கேட்டிருப்பின் புதுமைவாதிகள் விடைகூற இடர்ப்பட்டிருப்பர். அவர்களோ அதற்கு ஆன்மா எனப் பெயரிட்டு, அளவைக்கு அப்பாற்பட்டதாக்கி, வணங்கத் தொடங்கினர். அளக்கத்தக்கதை ஆன்மா என்றழைப்பவன் தன் வாதத்தைத் தானே புதைக்கின்றான்.

இதன் விளைவு யாதாயிற்று? ஆன்மாவை இழந்தோம் என்று வாடிக்கையாளர் புலம்பவே, அதனை விற்பதற்கு நிறுவனம் முன்வந்தது. 2014 ஆம் ஆண்டின் எம். 3 இல், எஞ்சினின் ஒலி வாகனத்தின் ஒலிபெருக்கிகளினூடாக மிகைப்படுத்தி ஒலிக்கப்பட்டது. தாமதத்தைப் பற்றிக் கேளாது ஓசையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஓசையே வழங்கப்பட்டது. பொறியியற் குறையொன்றை உணர்ச்சிக் குறையாகத் திரித்துக் கூறியோருக்குக் கிடைத்த நியாயமான பரிசு அது.

வினாவை எழுப்பியவர் யார்?

இனி நாம் நிறுத்திவைத்த வினாவுக்கு வருவோம். இலட்சியத் திறன் குறைந்த எஞ்சின் குறைந்த எரிபொருளை உண்டது எங்கே? ஐரோப்பாவில் அக்காலத்தில் நடைமுறையிலிருந்த பரிசோதனை வட்டத்திலே. அதன்படி வாகனம் ஆய்வுகூடத்து உருளிகளின் மேல் 1,180 செக்கன் ஓட்டப்பட்டது. கடந்த தூரம் ஏறத்தாழ 11 கிலோமீற்றர்; சராசரிக் கதி மணிக்கு 34 கிலோமீற்றருக்கும் குறைவு. அதன் நகரப் பகுதியில், மணிக்கு 50 கிலோமீற்றரை எய்துவதற்கு 26 செக்கன் வழங்கப்பட்டிருந்தது. அவ்வளவு நேரத்தில் இவ்விரு வாகனங்களும் 100 கிலோமீற்றரை ஐந்து தடவை எய்திவிடும்!

மணிக்கு 50 கிலோமீற்றரிற் சீராக ஓடும் இத்தகைய வாகனத்துக்குப் பத்துப் பரிவலுவும் வேண்டியதில்லை. 420 பரிவலு தரவல்ல நான்கு இலீற்றர் எஞ்சின் அச்சிறு வேலையைச் செய்யும்போது அதன் வளித்தடுக்குகள் ஏறக்குறைய மூடியே இருக்கும். மூடிய வாயிலினூடே வளியை இழுப்பதிலும், எட்டு முசலங்களின் உராய்வை வெல்வதிலும் எரிபொருளின் பெரும்பங்கு வீணாகும். மூன்று இலீற்றர் எஞ்சினில் உராய்வு குறைவு. வால்வுகளின் உயர்வையே கூட்டிக் குறைத்து வளியை அளந்துவிடும் ஒழுங்கும் எஸ். 55 இல் இருந்தது. ஆகவே, சிறு சுமையில் அது சிக்கனமானது. பெருவலு வேண்டப்படும்போது டர்போ துணைக்கு வரும். அப்போது அதன் சிக்கனமும் சுருங்கும். உச்சச் சுமையில் டர்போ எஞ்சின்களின் வெப்பத்தைத் தணிக்க மேலதிக எரிபொருளையே செலுத்துவது பொறியியலார் அறிந்த வழக்கு. பரிசோதனையோ அந்நிலையைத் தொடவேயில்லை.

இப்பரிசோதனைக்கு இத்துணை முதன்மை வந்தது 2009 ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தாலாகும். விற்கப்படும் புதிய கார்களின் சராசரிக் காபனீரொட்சைட்டு 2015 இல் கிலோமீற்றருக்கு 130 கிறாமைத் தாண்டலாகாது என்றும், தாண்டும் நிறுவனங்கள் தண்டப்பணம் செலுத்தவேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. வளிமண்டலத்தைக் காக்க எழுந்த அந்நோக்கத்தில் நாம் குறைகாணவில்லை, அது வேண்டியதே. நாம் சுட்டுவது வேறொன்று. 2007 இல் உயர்சுழற்சிக் கோட்பாடே தன் சிறப்பெனப் பறைசாற்றிய நிறுவனம் 2014 இல் அதனைக் கைவிட்டது, ஏழாண்டுகளில் பௌதிக விதிகள் மாறியமையாலன்று. அதனிடம் கேட்கப்பட்ட வினா மாறியது.

ஒரே அறிவு இருவேறு வினாக்களுக்கு இருவேறு விடைகளைத் தரும் என்பதற்கு அந்நிறுவனத்தின் வரலாறே சான்று. 1983 இல் உலக வெற்றியீட்டிய டர்போ எஞ்சினை ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் போல் ரொஷ. 1986 இல் முதலாவது எம். 3 இற்காக, தானே வளியை உறிஞ்சும் நான்குருளை எஞ்சினை ஆக்கியவரும் அவரே. ஃபோர்முலா வண் விதிகள் டர்போவுக்கு ஒன்றரை இலீற்றரையும் ஏனையவற்றுக்கு மூன்று இலீற்றரையும் அனுமதித்தன; சாதாரண கார்ப் பந்தயங்களின் விதிகள் வேறாயிருந்தன. ரொஷ 1983 இல் புதுமைவாதியாயிருந்து 1986 இல் பழமைவாதியாய் மாறினார் என்று எவரேனும் கூறுவரோ?

இதனினும் கூர்மையான சான்று 1973 ஆம் ஆண்டினது. 2002 டர்போ வெளிவந்த சில வாரங்களில் எண்ணெய் நெருக்கடி மூண்டது. முன்செல்லும் வாகனத்தின் கண்ணாடியில் நேராகத் தெரியும்படி டர்போ என்னும் சொல்லைத் தலைகீழ்ப்பக்கமாக எழுதிவந்த அவ்வாகனம் வீண்செலவின் சின்னமாகக் கண்டிக்கப்பட்டது. 1,672 வாகனங்களோடு அதன் உற்பத்தி நின்றது. நாற்பதாண்டுகளின் பின் அதே டர்போ சிக்கனத்தின் சின்னமாக மீண்டும் அரியணை ஏறியது. பொறியின் தத்துவம் ஒன்றே; அதன்மீது சமூகம் ஏற்றிய பொருளே மாறியது. இதனை அறியாது, டர்போ தன்னியல்பில் முன்னேற்றம் என்போரும் தன்னியல்பில் வீழ்ச்சி என்போரும் ஒரே படகில் இருப்போரே.

அளவை இலக்காகும்போது

ஓர் அளவையே இலக்காக மாறிவிட்டால் அது நல்ல அளவையாக இருப்பதை நிறுத்திவிடும் என்பது பொருளியலாரும் ஒப்புக்கொண்ட உண்மை. ஐரோப்பாவில் நிகழ்ந்ததும் அதுவே. பரிசோதனையிற் காட்டப்பட்ட எரிபொருட் செலவுக்கும் வீதியில் மெய்யாக நிகழ்ந்த செலவுக்கும் இடைப்பட்ட வேறுபாடு 2001 இல் ஏறத்தாழ 9 சதவீதமாயிருந்தது. 2015 அளவில் அது ஏறத்தாழ 40 சதவீதமாயிற்று என்று தூய போக்குவரத்துக்கான சர்வதேச மன்றம் தன் ஆய்வுகளிற் காட்டியது. பட்டியலில் முன்னேற்றம் பாய்ந்து சென்றது. வீதியில் அது ஊர்ந்தே சென்றது. 2017 செப்ரெம்பர் முதல், நீண்டதும் கடியதுமான வேறொரு பரிசோதனை பழையதன் இடத்துக்கு வரத்தொடங்கியது. ஆகவே 12.4 இலீற்றரையும் 8.8 இலீற்றரையும் அருகருகே வைத்து மகிழ்வோர், ஒப்பிட்ட அளவுகோலே குறையுடையதெனக் கைவிடப்பட்டதை மனங்கொள்ளுதல் வேண்டும்.

இப்போக்கின் முடிந்த முடிபு 2015 இல் வெளிப்பட்டது. வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் வாகனங்களில், பரிசோதனை நிகழ்வதை உணர்ந்து அப்போது மட்டும் நச்சு வாயுவைக் குறைக்கும் கணினி நிரல் பொறிக்கப்பட்டிருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 110 இலட்சம் வாகனங்களில் அது இருந்ததாக அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. நாம் எடுத்துக்கொண்ட இரு பெற்றோல் எஞ்சின்களுக்கும் இவ்வேமாற்றுக்கும் தொடர்பில்லை. ஆயினும், பட்டியலிலுள்ள எண்ணே மெய்ப்பொருள் என்னும் மனநிலை எங்கே கொண்டுசெல்லும் என்பதை அது காட்டுகின்றது. அந்நிரலை எழுதியோர் கல்லாதவரல்லர். பல்கலைக்கழகங்களிற் பயின்ற பொறியியலாளர். சோதனையில் தேறுவதே தகுதி என்று கற்றவர்கள், எஞ்சினுக்கும் அதனையே கற்பித்தனர்.

அவ்வேமாற்றை வெளிக்கொணரக் காரணமாயிருந்ததும் ஒரு பல்கலைக்கழகமே என்பது நாம் மறக்கலாகாதது. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், மேற்கூறிய மன்றத்தின் வேண்டுகோளின்படி, அளவுகருவிகளை வாகனத்திலேயே ஏற்றிக் கலிபோர்னிய வீதிகளில் ஓட்டிப் பார்த்தனர். 2014 இல் வெளியான அவர்களது அறிக்கையின்படி, சோதிக்கப்பட்ட மூன்று வாகனங்களில் ஒன்று நைதரசன் ஒட்சைட்டுக்களை விதித்த எல்லையின் 15 முதல் 35 மடங்குவரை வெளிவிட்டது. மற்றொன்று 5 முதல் 20 மடங்குவரை வெளிவிட்டது. அவர்கள் புதிய தத்துவம் எதனையும் கண்டுபிடிக்கவில்லை. ஆய்வுகூடத்தில் அளந்ததை வீதியில் அளந்தனர். பட்டியலை நம்பாது வினாவை மாற்றினர், அவ்வளவே.

நாம் செய்யவேண்டியது

மாற்றமனைத்தையும் வரவேற்க விரும்புவோர் நன்னூற் சூத்திரம் ஒன்றைத் துணைக்கழைப்பது நம்மிடை வழக்கம். சொல்வழக்கில் பழையது நீங்குவதும் புதியது நுழைவதும் காலத்தின் இயல்பாகையால் குற்றமல்ல என்றே அவ்விலக்கணகாரர் கூறினார். குற்றமல்ல என்பதற்கும் மேம்பாடு என்பதற்கும் இடையேயுள்ள தூரத்தை அவர் அறிந்திருந்தார். அவரைத் துணைக்கழைப்போரே அறிந்திலர். முன்னேற்றம் என்னும் சொல்லிலேயே முன் என்னும் திசை அடங்கியுள்ளது. எத்திசை நோக்கி என்பதைக் கூறாதவரை அச்சொல் பொருளற்ற ஓசையேயாகும்.

ஆகவே, இரு தலைமுறை எஞ்சின்களை ஒப்பிட முற்படுவோர் முதலிற் சில வினாக்களுக்கு விடைகூறக் கடமைப்பட்டவர். இவ்வெஞ்சின் எவ்வகை வேலைக்காக, எவ்விதிகளின் கீழ் ஆக்கப்பட்டது? காட்டப்படும் எண் எப்பரிசோதனையிற் பெறப்பட்டது. அப்பரிசோதனை எந்நிலைகளைத் தொடாது விட்டது? பெற்ற பயனில் எஞ்சினின் பங்கு எவ்வளவு, வாகனத்தின் ஏனைய உறுப்புக்களின் பங்கு எவ்வளவு? அளக்கத்தக்கதாயிருந்தும் அளக்கப்படாது விடப்பட்ட பண்பு யாது. அதனை அளவாது விட்டதால் நன்மை பெற்றவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை கண்டபின் எஸ். 65 சிறந்ததென ஒருவர் முடிவுசெய்யலாம், எஸ். 55 சிறந்ததென மற்றொருவர் முடிவுசெய்யலாம். இருவரது முடிவும் அப்போது மதிக்கத்தக்கதாகும். அதற்கு முன்னர் கூறப்படுவன விளம்பரத் தாளின் எதிரொலியன்றி வேறல்ல.

பெற்றோல் எஞ்சினின் இடத்துக்கு மின்மோட்டார் வரும் இக்காலத்தில் இவ்விவாதம் ஓயப்போவதில்லை; இன்னும் பேரொலியோடு எழும். அங்கும் பெரிய எண்ணைக் காட்டி ஒரு சாரார் ஆர்ப்பரிப்பர். இழந்த ஓசையை எண்ணி மறுசாரார் அழுவர். மின்கலத்தின் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, மின்சாரம் எவ்வாறு பிறந்தது, கிலோமீற்றர் எண்ணிக்கை எப்பரிசோதனையிற் பெறப்பட்டது எனக் கேட்போர் சிலராகவே இருப்பர். அச்சிலரை உருவாக்குவதற்கே பல்கலைக்கழகங்கள் உள்ளன. விற்பவன் தரும் பட்டியலை மனனஞ்செய்து ஒப்புவிப்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை; அதற்கு விற்பனைக்கூடத்து ஊழியரே போதும்.